அரங்கில் பேச்சு, புல்வெளியில் போலீஸா?

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 250 பேர் பிணைக்கைதிகளாயினர். பதிலுக்கு இஸ்ரேல் தொடுத்த போரில் காசாவில் பலியானோர் பல்லாயிரம். அங்குள்ள பல்கலைக்கழகங்களும் குண்டுவீச்சுக்குத் தப்பவில்லை. அந்தப் போர் அமெரிக்கக் கல்வி வளாகங்களையும் இரண்டாகப் பிளந்தது. யாருக்காக அழுவது என்பதிலேயே மாணவர்கள் கட்சி பிரிந்து நின்றார்கள்.

அந்த நேரத்தில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் டார்ட்மவுத் கல்லூரி நல்ல வழி காட்டியது. தாக்குதல் நடந்த சில நாட்களிலேயே அதன் யூதவியல் துறையும் மத்தியக் கிழக்கு ஆய்வுத் துறையும் கூட்டாகப் பொது அரங்குகள் நடத்தின. யூதவியல் பேராசிரியர் சூசன்னா ஹெஷலும், பெய்ரூட்டில் வளர்ந்த மத்தியக் கிழக்கு ஆய்வுப் பேராசிரியர் தாரிக் எல்-அரிஸும், எகிப்தின் முன்னாள் ராஜதந்திரி எஸெதின் ஃபிஷேரும் ஒரே மேடையில் அமர்ந்து மாணவர்களின் கேள்விகளுக்குப் பதிலளித்தனர். இது திடீர் ஏற்பாடல்ல. இரு துறையினரும் போருக்கு முன்பே சேர்ந்து பாடம் நடத்திப் பழகியவர்கள். தீப்பிடித்த பிறகு கிணறு வெட்டக் கிளம்பிய மற்ற வளாகங்களுக்கு இல்லாத பலம் இதுதான்.

அந்தப் பெருமை ஏழு மாதங்கூட நிலைக்கவில்லை. 2024 மே 1 மாலை, கல்லூரியின் மையப் புல்வெளியில் மாணவர்கள் பாலஸ்தீனத்துக்கு ஆதரவாகக் கூடாரம் அடித்தனர். சில மணி நேரத்திலேயே கலவரத் தடுப்புக் கவசத்துடன் போலீஸ் இறங்கியது. அன்றிரவு 89 பேர் கைதாயினர். மாணவர்களுக்கு அரணாக நின்ற 65 வயது வரலாற்றுப் பேராசிரியர் அனலீஸ் ஓர்லெக் தரையில் தள்ளப்பட்டுக் கைது செய்யப்பட்டார். அவர் யூதவியல் துறையின் முன்னாள் தலைவர்! கல்லூரித் தலைவர் சியான் பெய்லாக்குக்கு எதிராகப் பேராசிரியர்களே கண்டனத் தீர்மானம் நிறைவேற்றினர்.

கூடாரம் அடிப்பது விதிமீறல், முன்பே எச்சரித்தோம் என்றது நிர்வாகம். விதி மீறப்பட்டது உண்மையே. யூத மாணவர்கள் அச்சமின்றி நடமாடும் உரிமையும் காக்கப்பட வேண்டியதே. ஆனால் அதே வாரத்தில் பிரவுன் பல்கலைக்கழகம் என்ன செய்தது? இஸ்ரேலுடன் தொடர்புடைய நிறுவனங்களிலிருந்து முதலீட்டை விலக்கும்படி மாணவர்கள் வைத்த கோரிக்கையை ஆட்சிக்குழுவின் வாக்கெடுப்புக்கு விடுவதாக ஒப்புக்கொண்டது. அங்கும் கூடாரம் அடித்திருந்த மாணவர்கள் தாங்களே அவற்றைப் பிரித்தனர். அக்டோபரில் ஆட்சிக்குழு அக்கோரிக்கையை நிராகரித்தது வேறு விஷயம். கூடாரத்தை அகற்றப் போலீஸ் தேவைப்படவில்லை என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

இஸ்ரேலியத் தாயின் கண்ணீரையும் காசா தாயின் கண்ணீரையும் ஒன்றாகப் பார்க்கக் கற்றுத்தருவதே கல்வி. பேராசிரியர்கள் அரங்கில் அதைச் செய்தார்கள்; நிர்வாகம் புல்வெளியில் அதைக் கைவிட்டது. தனக்கு உவப்பான இடத்தில், உவப்பான குரலில் பேசுவோரிடம் மட்டும் நடத்துவது உரையாடல் ஆகாது. டார்ட்மவுத் போலீஸை அழைத்தது தவறு. மாணவர்களிடம் இன்னும் ஓர் இரவு பேசிப் பார்த்திருக்க வேண்டும்.