மலை கீழே இருக்கும் ஊர்

மத்தியப் பிரதேசத்தின் பச்மரியைச் சுற்றுலாக் கையேடுகள் மலைவாசஸ்தலம் என்கின்றன. ஊட்டி, கொடைக்கானல் பழக்கத்தில் அங்கே போகிறவர்கள் ஊரில் இறங்கியதும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். பார்க்க அதிகமில்லை. ஊர் ஏற்கெனவே ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில், ஏறக்குறையச் சமமான ஒரு மேட்டுநிலத்தில் இருக்கிறது. சாத்புரா மலைத்தொடரின் மிக உயர்ந்த இடமான தூப்கட் பக்கத்தில்தான். அதன் உயரம் சுமார் 1,350 மீட்டர். உச்சிவரைக்கும் ஜீப் போகும். பச்மரியில் பார்க்க வேண்டியவை அநேகமாகக் காலடிக்குக் கீழே கிடக்கின்றன: மணற்கல்லை நீர் அறுத்து உண்டாக்கிய கெவிகள், அவற்றின் அடியில் வளர்ந்து நிற்கும் காடு.

இது தெரியாததால் பலருக்கும் பயணம் 'பாயின்ட்' பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது. ஜீப் ஒரு கம்பிவேலி அருகே நிற்கும். ஹாண்டி கோ என்னும் கெவியின் விளிம்பில் நின்று, நூறு மீட்டர் அளவுக்குச் செங்குத்தாக இறங்கும் பாறையையும் அடியில் அடர்ந்த பச்சையையும் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், அடுத்த பாயின்ட். மேலிருந்து பார்க்கையில் மரத் தலைகள் மட்டுமே தெரியும். அந்தப் பச்சை ஏன் அங்கே இருக்கிறது, சுற்றியுள்ள நாடு வைகாசி வெயிலில் காய்ந்து கிடக்கும்போதும் கெவியின் அடி ஏன் ஈரமாக இருக்கிறது என்ற கேள்விக்கு மேலிருந்து விடை கிடைக்காது. அதற்கு நடந்து இறங்க வேண்டும். இறங்குவதற்கு முன் கல்லைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. இந்த ஊரில் நீர், மரம், ஆபத்து, ஓவியம் எல்லாமே கல்லிலிருந்துதான் தொடங்குகின்றன.

நமக்குப் பழகிய மலைகளின் பாறை வேறு. நீலகிரியும் பழனி மலையும் பெரும்பாலும் சார்னோகைட் என்னும் பாறையால் ஆனவை. பூமியின் ஆழத்தில், பெரும் வெப்பத்தில் இறுகியது அது. அதற்குள் நீர் புகாது. விரிசல் இருந்தால் அதன் வழியே இறங்கும், இல்லையென்றால் வழுக்கி ஓடிவிடும். அந்த மலைகளில் மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல விடுவது சோலையும் புல்வெளியும் அவற்றின் அடிமண்ணும்தான். பச்மரியில் அந்த வேலையைக் கல்லே செய்கிறது. இங்குள்ள மணற்கல் ட்ரையாசிக் காலத்தைச் சேர்ந்தது, அதாவது இருபது கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. பழைய ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் கூழாங்கல்லும் அடுக்கடுக்காகப் படிந்து, சிலிக்காவும் இரும்புத் துருவும் பசையாகி ஒட்டிப் பிடித்துக் கல்லானவை. பாறைச் சுவரில் சாய்ந்த கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். அந்த ஆற்றின் மணல்திட்டுகள் எந்தப் பக்கம் நகர்ந்தன என்பதன் தடம் அவை.

மணல்மணிகளுக்கு இடையில் நுண்ணிய இடைவெளி உண்டு. பச்மரியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அதில் ஒரு பங்கு கல்லுக்குள் இறங்குகிறது. களிமண் கலந்த அடுக்கு குறுக்கே வந்தால் அதற்குமேல் போக முடியாமல் பக்கவாட்டில் நகர்ந்து, கெவியின் சுவரில் கசிவாக வெளியே வருகிறது. மண்பானை எப்படி வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறதோ அதே விதத்தில்தான் இந்தச் சுவர்களும். உள்ளே வெயில் படும் நேரமோ மிகக் குறைவு, காற்றும் அதிகம் புகாது. இந்த மூன்றும் சேர்ந்து, மேலே ஒரு பருவமும் கீழே வேறொரு பருவமுமாக வைத்திருக்கின்றன. நடந்து இறங்குகிறவருக்கு இது தோலில் தெரியும்.

மணற்கல் என்றால் உதிரும் கல் என்று நினைத்துவிடக் கூடாது. உதிர்வதாக இருந்தால் செங்குத்துச் சுவரே நின்றிருக்காது. சரிந்து மேடாகிப் போயிருக்கும். பசை கெட்டியாக இருக்கும் அடுக்கு விதானம்போல் முன்னே நீட்டிக்கொண்டு நிற்கும். பசை தளர்ந்த அடுக்கு அதன் அடியில் குடைந்துபோகும். குடைவு ஆழமானதும் மேலே உள்ள பாளம் தன் எடை தாங்காமல் விரிசலோடு பெயர்ந்து விழும். சுவர் மறுபடி நேராகும். கெவியின் தரையில் வீடு அளவுப் பாறைகள் பாசி பிடித்துக் கிடப்பது இதனால்தான். ஓடையும் பாறையின் விரிசல்களையே தேடிப் போவதால், ஒரு நீட்டு நேராக ஓடிவிட்டுத் திடீரென மடங்கும். வளைந்து வளைந்து போகும் ஆற்றங்கரையில் நடந்து பழகியவர்களுக்கு இந்தத் திருப்பங்கள் முதலில் திகைப்பாக இருக்கும்.

காடும் கல்லைப் படித்தே வளர்கிறது. பச்மரியைச் சுற்றிலும் எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல் நிலம் உண்டு, அங்கே தேக்கு. மணற்கல் மேட்டிலும் அதன் பள்ளங்களிலும் சால மரம். கிழக்கே பெருங்காடாக விரிந்திருக்கும் சாலம், தன் கூட்டத்திலிருந்து பிரிந்து மேற்கில் இப்படித் தனித்தீவாக நிற்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்து எழுதியவர் ஜேம்ஸ் ஃபோர்சைத் என்ற ராணுவ அதிகாரி. அவர் 1862-இல் கட்டிய பைசன் லாட்ஜ் இன்றும் ஊரில் இருக்கிறது. இதை எழுதிய அவருடைய நூல் 1871-இல் வெளிவந்தது. பச்மரியைக் 'கண்டுபிடித்தவர்' என்று அவரைச் சொல்லும் வழக்கத்துக்கு மட்டும் பொருளில்லை. கோண்டு, கோர்க்கு மக்கள் காலங்காலமாக நடக்கும் பாதைகளில்தான் அவரும் வந்தார். ஓடையோரங்களில் மாவும் நாவலும் நிற்கும். சற்றே மேலே, நம் இனிப்புகளில் தூவும் சாரப்பருப்பு மரமும், நம்மூர் இலுப்பைக்கு நெருங்கிய உறவான மகுவாவும்.

இன்னும் கீழே போனால் தமிழ்நாட்டுக்காரருக்கு ஒரு வியப்பு காத்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சோலைகளில் பார்த்த மரப்பெரணி இங்கே நிற்கிறது. மலையணில் கிளை தாவுகிறது. சீகாரப் பூங்குருவி மனிதன் சீட்டியடிப்பதுபோல் பாடுகிறது. அங்கிருந்து இவை இங்கே வந்தனவா, இங்கிருந்து அங்கே போயினவா? மீனியல் அறிஞர் சுந்தர் லால் ஹோரா 1940-களில் ஒரு விளக்கம் சொன்னார். கிழக்கு இமயமலைப் பக்கத்து ஓடை மீன்களை ஒத்தவை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருப்பதைப் பார்த்தார். முன்பு ஈரமும் உயரமும் கூடுதலாக இருந்த விந்திய–சாத்புரா மலைகளே அவற்றுக்குப் பாலமாக இருந்திருக்க வேண்டும் என்றார். சாத்புரா கருதுகோள் என்று பெயர் பெற்ற இது பின்னாளில் கடும் விவாதத்துக்கு உள்ளானது. பின்வந்த ஆய்வாளர்கள் பலர் அதை அப்படியே ஏற்கவில்லை. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவை எந்த வழியாக வந்தன என்பதில்தான் சர்ச்சை. வந்தவை இங்கே எப்படித் தங்கின என்பதற்குக் கசியும் சுவரும் நிழலும் போதுமான விளக்கம். பீடபூமி காய்ந்துபோன காலங்களில் கெவிகள் காயவில்லை.

இனி நடை. மலையேற்றத்தில் களைத்தால் திரும்பிவிடலாம். திரும்பும் வழி இறக்கம். கெவி நடையில் கணக்கு தலைகீழ். சுகமான பாதி முதலில் வந்துவிடும், உடல் தளர்ந்தபின், பெரும்பாலும் உச்சி வெயிலில், ஏற்றம் காத்திருக்கும். டச்சஸ் அருவிக்கு இறங்கும் பாதை இதற்கு நல்ல உதாரணம். கையிலிருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும், அருவி கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், திரும்பிவிடுவது என் யோசனை. முழங்கால் வலி இருப்பவர்கள் ஏற்றத்தைவிட இறக்கத்துக்கே அஞ்ச வேண்டும். ஒரு மூங்கில் தடி சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும்.

ஈரமான மணற்கல்லை நம்பக் கூடாது. இதைப் பலர் வழுக்கல் என்று மட்டும் புரிந்துகொள்கிறார்கள். வழுக்கலைவிடப் பெரிய விஷயம், நீர் ஊறிய மணற்கல்லின் வலுவே குறைந்துவிடுகிறது என்பது. காய்ந்திருந்தபோது ஆளைத் தாங்கிய விளிம்பு மழைக்கு மறுநாள் கையோடு வந்துவிடலாம். மேற்பரப்பு காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரை மணற்கல் மலைகளில் ஈரப் பாறையில் ஏறக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். அங்கே பாறையைக் காப்பதற்காகவும்தான்.

இன்னொன்று, வானம். கெவிக்குள் நிற்பவருக்குத் தெரியும் வானம் ஒரு கீற்று. மேட்டுநிலத்தில் எங்கோ கொட்டும் மழை இங்கே ஒரு துளியும் விழாமலேயே ஓடையில் வெள்ளமாக வரலாம். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, பையை எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். வெயில் காலத்திலும் ஏமாற்றும் இடங்கள் உண்டு. அப்சரா விகார் குழந்தைகள் விளையாடும் ஆழமில்லாத குளம். அதே ஓடை சில நிமிட நடையில் ரஜத் பிரபாத் அருவியாக நூறு மீட்டர் விழுகிறது. குளத்திலிருந்து நீரோடு நீராக நடந்து 'விளிம்பை மட்டும்' பார்க்கப் போவது வேண்டாம்.

நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகளின் அடியில் மலைத்தேனீக்கள் கூடு கட்டும். வாசனைத் திரவியம், புகை, கூச்சல் மூன்றையும் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இது சாத்புரா புலிகள் காப்பக நிலம். கரடி, காட்டெருது, சிறுத்தை உள்ள காடு. வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் பாதையை விட்டு இறங்குவது சட்டத்துக்கும் புத்திக்கும் ஒவ்வாதது. வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஜீப்புக்குப் பேசாமல் கொடுப்பவர்கள்தான் இதற்குப் பேசுகிறார்கள்.

குடைந்துபோன அடுக்குகளில் மனிதர்களும் ஒதுங்கியிருக்கிறார்கள். 1930-களில் டி. எச். கார்டன் இங்குள்ள பாறை ஓவியங்களைப் பற்றி எழுதினார். வெள்ளையிலும் செந்நிறத்திலும் வேட்டையாடுகிறவர்கள், குதிரை வீரர்கள், தேனெடுப்பவர்கள். படம் பளிச்சென்று வர வேண்டுமென்று ஓவியத்தின்மேல் நீர் தெளிக்கும் கெட்ட பழக்கம் சிலருக்கு இருக்கிறது. நீரைக் குடித்து உப்பை வெளியே தள்ளுவது மணற்கல்லின் இயல்பு. நிறம் அந்த உப்போடு உரிந்துவிடும். கைவிரலின் எண்ணெய்ப் பசையும் ஓவியத்துக்குக் கேடுதான்.

எப்போது போகலாம் என்று கேட்டால், மழை ஓய்ந்து பாறை காய்ந்த பிறகு, அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் என்பேன். அருவியில் நீர் இருக்கும், காலை நடைக்குக் குளிர் துணை. சென்னையிலிருந்து வடக்கே போகும் ரயில்கள் பல இட்டார்சியைத் தொடும். அங்கிருந்து ஜபல்பூர் பாதையில் பிப்பரியா; பிறகு ஐம்பது கிலோமீட்டர் மலைச்சாலை.

ஆனால் இந்தக் கெவிகளில் மிக அதிகமாக நடக்கிறவர்கள் என் ஆலோசனைக்கு நேர்மாறாகத்தான் வருகிறார்கள். நாகபஞ்சமியை ஒட்டி, மழை உச்சத்தில் இருக்கும் சில நாட்கள் மட்டும், நாக்துவாரிப் பாதை திறக்கப்படுகிறது. மகாராஷ்டிரத்திலிருந்தும் சுற்றுப்புற மாவட்டங்களிலிருந்தும் யாத்திரிகர்கள் கூட்டமாக வந்து, நனைந்த பாறையிலும் சேற்றிலும் ஏறி இறங்கிக் குகைக் கோயில்களை அடைகிறார்கள். அவர்களைப் பார்த்து 'மழையில் நடக்கலாம் போலிருக்கிறதே' என்று முடிவுகட்ட வேண்டாம். அது பல தலைமுறைகள் மிதித்துத் தேர்ந்த ஒரே பாதை. அந்த நாட்களில் வழிநெடுகக் காவலும் உணவும் மருத்துவ உதவியும் இருக்கும், முன்னும் பின்னும் ஆள் இருப்பார்கள். நாட்கள் முடிந்ததும் பாதை மூடப்பட்டு, அடுத்த நாகபஞ்சமிவரை காடு அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்.