ஆடி நோம்பியும் அகரமுதலியும்

மொழியைக் காக்கும் இடங்கள் யாவை என்று வினவினால், பள்ளி, பல்கலைக்கழகம், ஆட்சிமன்றம், அறமன்றம், கோயில், செய்தித்தாள் என்று ஒரு வரிசை உடனே சொல்லப்பெறும். அவற்றுள் எதனையும் குறைத்து மதிப்பதற்கில்லை. ஆயினும் அவ்வரிசையில் அடுப்படியும் வாயில் முற்றமும் இடம்பெறுவதே இல்லை. மூன்றகவைக் குழந்தை பல்கலைக்கழகத்திற்குப் போவதில்லை. ஆட்சிமன்றத்து ஆணைகளைப் படிப்பதுமில்லை. அது தாயின் முன்றானையைப் பற்றிக்கொண்டு அடுப்படியில் நிற்கின்றது. அப்பாயி தேங்காய் உடைக்கும்போது வழியும் நீரைக் கையேந்திக் குடிக்கின்றது. அவ்விடத்தே அதன் காதில் விழுவது எம்மொழியோ அதுவே அதற்குத் தாய்மொழி. பிற்காலத்தில் வந்து சேர்வன எல்லாம் படித்துப் பெற்ற மொழிகளே.

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் வழிகளுள் பலரும் அறிந்தவை இரண்டு. ஒன்று, கொண்டையூசி வளைவுகள் இருபதைக் கடந்து செல்லும் பெருவழி. மற்றொன்று, குப்பனூரில் தொடங்கிக் கொட்டச்சேடு வழியாக ஏறுவது. மழைக்காலத்தில் மண்சரிந்து பெருவழி அடைபடும்போதுதான் வெளியூரார் பெரும்பாலும் குப்பனூரை நினைக்கின்றனர். மலைக்கு மேலே, 1820-களில் காக்பர்ன் என்னும் மாவட்ட ஆட்சியர் கொண்டுவந்து ஊன்றிய குளம்பித் (காப்பி) தோட்டங்கள். கீழே சமவெளியில் தென்னையும் வயலும். இடையிலுள்ள அடிவாரப் புதர்க்காடுகளிலும் வேலியோரங்களிலும் தானே முளைத்து நிற்கும் மரங்களுள் ஒன்று அழிஞ்சில். ஆண்டு முழுவதும் எவரும் திரும்பிப் பாராத அம்மரத்திற்கு ஆடித்திங்கள் (கடகம்) முதல் நாளன்று சேலத்துக் கடைத்தெருவில் தனி மதிப்பு வந்துவிடுகின்றது. அதன் நேரான கிளைகளை வெட்டிப் பட்டை சீவி, மஞ்சள் பூசிக் கட்டுக்கட்டாக விற்பர். ஏனெனில் அன்று தேங்காய் சுடும் நோம்பி.

சேலம், நாமக்கல், கரூர், ஈரோடு, தருமபுரி ஆகிய மாவட்டங்களுக்குப் புறத்தே வாழும் தமிழர்க்கு இந்நோம்பி புதுமையாகத் தோன்றலாம். ஆதலின் சற்று விரித்துரைத்தல் தகும். நன்கு முற்றிய தேங்காயை எடுத்து மட்டையுரித்து, நார் ஓரிழையும் இல்லாதவாறு நீக்குவர். பின்னர் அதனைச் சொரசொரப்பான கல்லிலோ திண்ணைத் தரையிலோ வைத்துத் தேய்த்துத் தேய்த்து ஓட்டினை வழவழப்பாக்குவர். இது குழந்தைகளின் பணி. கைவலிக்கும்வரை தேய்த்தாலும் அவர்கள் விடார்; எவன் தேங்காய் மிகுதியாகப் பளபளக்கின்றது என்பதில் தெருவே போட்டியிடும். அடுத்து, மூன்று கண்களுள் மெல்லிய கண்ணைத் துளைத்து நீரை ஓர் ஏனத்தில் வடித்துக்கொள்வர். பச்சைப்பயறு, பொட்டுக்கடலை, எள், அவல், இடித்த வெல்லம் ஆகியவற்றைக் கலந்து, அச்சிறு கண்வழியே சிறிது சிறிதாகத் திணிப்பர். பெரியவர் விரலினும் குழந்தை விரல் இதற்கு ஏற்றது. வடித்த நீரிற் சிறிதளவு மீண்டும் உள்ளே ஊற்றப்பெறும். முடிவில் அழிஞ்சிற் குச்சியின் கூராக்கிய முனையைக் கண்ணில் இறுகச் செருகி, தேங்காய்க்கும் மஞ்சள் பூசுவர்.

மாலையில் வாயிலில் காய்ந்த ஓலையும் சுள்ளியும் இட்டுத் தீமூட்டி, வீட்டார் அனைவரும் சுற்றி நின்று தத்தம் தேங்காயைத் தீயில் நீட்டிப் பிடித்துத் திருப்பித் திருப்பிச் சுடுவர். உள்ளிருக்கும் நீர் கொதித்து, அந்நீராவியிலேயே அவலும் பயறும் வேகும். வெல்லம் உருகி அவற்றுள் ஊறும். ஓடு கருகி வெடிக்கும் ஓசையே வெந்தமைக்கு அடையாளம். பிள்ளையார்க்குப் படைத்தபின் உடைத்து உண்பர். புகைமணம் ஏறிய அத்தேங்காய்ப் பத்தையின் சுவையை எந்த இனிப்புக் கடையிலும் விலைகொடுத்து வாங்குதல் இயலாது.

இதில் மொழிக்கு என்ன வேலை என்று கேட்பார் உளர். அவ்வொரு மாலைப் பொழுதில் ஐந்தகவைக் குழந்தை ஒன்றன் செவியில் விழும் சொற்களை எண்ணிப் பார்க்க: மட்டை, நார், குடுமி, கண், ஓடு, கொட்டாங்கச்சி, மூடி, பத்தை, நெற்று, கொப்பரை, உரித்தல், பிய்த்தல், தேய்த்தல், துளைத்தல், வடித்தல், இடித்தல், திணித்தல், செருகுதல், சுடுதல், வாட்டுதல், கருகுதல், வெடித்தல். இச்சொற்களை எவரும் அக்குழந்தைக்குக் கற்பிக்கவில்லை, மனப்பாடம் செய்விக்கவுமில்லை. 'இன்னும் கொஞ்சம் தேய்', 'கண்ணைப் பார்த்துக் குத்து', 'சுடு, கருக விடாதே' என்று சொல்லும்போதே சொல்லும் பொருளும் கைவினையும் ஒன்றாய்ச் சேர்ந்து உள்ளே இறங்கிவிடுகின்றன. சுடுதலுக்கும் வாட்டுதலுக்கும் உள்ள வேறுபாட்டை அகரமுதலியில் பார்த்துப் பத்து முறை படித்தாலும் மறந்துபோகும். தீயருகே ஒருமுறை நின்றவனுக்கு மறவாது.

வறுத்தல், பொரித்தல், வதக்கல் என்று தமிழ் பிரித்துச் சொல்லும் மூவகை வினையையும் ஆங்கிலம் பழகிய இல்லங்கள் ஒரே ஆங்கிலச் சொல்லால் முடித்துவிடுகின்றன. 'ரோசுட்டுப் பண்ணு' என்னும் வீட்டில் வளரும் குழந்தைக்குச் சுடுதல், வாட்டுதல், வறுத்தல் மூன்றும் ஒன்றே. சொல் குறைந்தால் சுவையறிவும் குறைகின்றது என்பது இங்குக் கண்கூடு.

இம்மலைத்தொடரின் அடியிலுள்ள சேலம் நகராட்சிக் கல்லூரியில் 1944 முதல் 1956 வரை தமிழ்ப் பேராசிரியராய் இருந்தவர் மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர். 1974-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்திற்கு இயக்குநராகி, 1981-இல் மறையும்வரை அப்பணியிலேயே இருந்தார். தமிழின் சொல்வளத்திற்குச் சான்றாக அவர் தொகுத்துக் காட்டியவற்றுள் பிஞ்சுவகைப் பெயர்கள் புகழ்பெற்றவை: மாம்பிஞ்சு வடு, பலாப்பிஞ்சு மூசு, வாழைப்பிஞ்சு கச்சல், தென்னை பனைகளின் பிஞ்சு குரும்பை, எள்ளின் பிஞ்சு கவ்வை. இச்சொற்களை மேடைதோறும் சொல்லிக் கைதட்டல் பெறுவோர் இன்று பலர். ஆனால் இவை எங்கே பிறந்தன? ஏட்டிலன்று. வடுவை உப்பிலிட்டவர் வாயிலும், குரும்பையைத் தேராக்கி விளையாடிய சிறுவர் கையிலும், எள்ளுக்காட்டில் களையெடுத்தவர் பேச்சிலும் பிறந்தன. நோம்பித் தேங்காய்க்குள் திணிக்கும் எள் ஒருகாலத்தில் கவ்வையாக இருந்தது என்று குழந்தைக்குச் சொல்லும் தாய் எத்தனைபேர்? அதனைச் சொல்வதற்கு அந்த ஒரு நொடியினும் ஏற்ற நொடி வேறில்லை.

இங்கே ஒரு மறுப்பினை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. இந்நோம்பிக்குக் கரணியம் கேட்டால், பாரதப்போர் ஆடி முதல் நாளில் தொடங்கிப் பதினெட்டாம் நாளில் முடிந்தது என்றும், அறத்தின் பக்கம் வெல்க என்று வேண்டி மக்கள் தேங்காய் சுட்டனர் என்றும் ஒரு புனைவு சொல்லப்பெறுகின்றது. பகுத்தறிவுள்ள இளைஞர் இதனைக் கேட்டு நகைத்து, புனைவோடு நோம்பியையும் விட்டுவிடுகின்றனர். அவர்தம் நகைப்பு முறையே; விட்டது முறையன்று. வடபுலத்துக் குருக்கள நாட்டிற் போர் நடந்ததாகச் சொன்னால், அதற்குத் தென்புலத்துச் சேலத்தான் ஏன் தேங்காய் சுடவேண்டும்? அழிஞ்சில் ஏன், எள் ஏன், அவல் ஏன் என்பவற்றுள் ஒன்றனுக்கேனும் அப்புனைவில் விடை உண்டா?

விடை நிலத்தில் உண்டு. மாசிப் பட்டத்தில் விதைத்த எள் அறுவடையாகி வீட்டில் இருக்கும் காலம் இது. ஆடிப்பட்டம் தேடி விதைக்க உழவர் காத்திருக்கும் காலமும் இதுவே. காவிரியில் புதுப்புனல் எதிர்பார்க்கப்பெறும். பச்சைக் குச்சி எளிதில் எரியாது. நேராக வளர்ந்தது தேங்காயைத் தாங்கும். அடிவாரத்தில் கைக்கெட்டும் தொலைவில் கிடைக்கும். இருப்பதைக் கொண்டு இல்லத்தார் கூடி உண்ட பருவ விழாவின்மேல் பிற்காலத்தார் ஒரு புனைவைப் பூசினர் என்று கொள்வதே பொருத்தமுடையது. மேற்பூச்சு வேண்டாவெனின் கல்லில் தேய்த்து நீக்குக, நாரை நீக்குவதுபோல. தேங்காயை ஏன் எறியவேண்டும்?

தனித்தமிழ்ப் பற்றாளரையும் ஒன்று கேட்கவேண்டும். கணிப்பொறிக்கும் கைப்பேசிக்கும் அவற்றின் உறுப்புகளுக்கும் புதுச்சொல் ஆக்குவதில் காட்டப்பெறும் ஊக்கம் போற்றத்தக்கது. அவ்வூக்கத்தில் பாதியேனும் வீட்டிலிருக்கும் பழஞ்சொல் சாகாமல் காப்பதில் காட்டப்பெறுகின்றதா? புதுச்சொல் ஒன்று மக்கள் வாயில் ஏறப் பல்லாண்டாகும். சில ஏறாமலே போகும். முறம் வீட்டைவிட்டுப் போனாலோ புடைத்தல், கொழித்தல், நாவுதல், தெள்ளுதல் என்னும் நான்கு வினைச்சொற்களும் ஒரே நாளில் உடன் போகின்றன. மேலே சேர்வராயன் மலையூர்களில் சாமையும் தினையும் இடித்துப் புடைத்து உண்ட மலைமக்களின் வீடுகளில்கூட, கடையரிசி வந்தபின் இச்சொற்கள் முதியோர் நாவில் மட்டும் ஒதுங்கி வருகின்றன. நூறு சொற்களை ஆக்கி ஏட்டில் ஏற்றிவிட்டு, அடுப்படியில் நூறு சொற்களை இழந்தால் மொழிக்குக் கிடைத்த ஊதியம் யாது?

பள்ளிகளும் இதில் குற்றமற்றவை அல்ல. ஆடி முதல் நாள் பெரும்பாலும் சூலை 16 அல்லது 17-இல் வரும். ஆங்கிலவழிப் பள்ளிகள் பல, அக்கிழமையிலேயே கைவினை என்ற பெயரில் நெகிழி நுரையட்டையும் மினுக்குத் தாளும் வாங்கிவரச் சொல்கின்றன. தந்தை கடைக்கு ஓட, தாய் இரவெல்லாம் வெட்டி ஒட்ட, குழந்தை உறங்கிவிடுகின்றது. மறுநாள் குழந்தைக்கு மதிப்பெண்! குழந்தையின் கைபடாத அப்பொருள் ஒரு கிழமையில் குப்பைக்குப் போகின்றது. தேய்த்த தேங்காயையும் தானே சீவிய குச்சியையும் வகுப்பறையில் வைத்துப் பேசச் செய்யும் ஆசிரியர் ஒருவர் கிடைப்பின், அவர் மாணவர்க்கு அதுவே அறிவியலும் மொழிப்பாடமும் ஆகும்.

இஃது ஓராண்டில் ஒருநாட் செய்தியன்று. தைப்பொங்கலுக்கு (சுறவம்) முன்னாள் இப்பகுதியில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கூரை இறவாணத்தில் காப்புக்கட்டுவர். குழந்தையை அழைத்துச் சென்று வேலியோரம் பூளைப்பூப் பறிக்கச் செய்தால் அது நான்கு செடிகளின் பெயரறிந்து திரும்பும். கடையில் கட்டாக வாங்கினால் விலையறிந்து திரும்பும். கார்த்திகைக்குப் (நளி) பனையோலைக் கொழுக்கட்டை. வேனிலில் கூழ்வற்றலுக்குக் காவலிருத்தல். ஒவ்வொரு பருவத்திற்கும் குழந்தைக்கென ஒரு பணி முன்னோர் ஒதுக்கியே வைத்துள்ளனர்.

அடுக்குமாடியில் வாயிலில் தீமூட்ட இயலாது என்பார் கூற்று மெய்யே. எரிவளி அடுப்பில் சுட்டாலும் குறையில்லை. புகைமணம் குன்றும், அவ்வளவே. தேய்ப்பதும் துளைப்பதும் திணிப்பதும் எவ்வீட்டிலும் இயலும். மகளிர் தலையில் மட்டும் இதனைக் கட்டாமல் தந்தையரும் தரையில் அமர்ந்து தேய்க்கலாம். குச்சிக்காகக் காப்புக்காட்டில் கைவைத்தல் வேண்டா. வேலியோரத்துக் கிளை போதும். தேங்காய் முற்றியதாக இருக்கட்டும்; இளங்காயாயின் ஓடு தாங்காது. கண்வரை இறுகத் திணித்தல் ஆகாது; அவல் ஊறிப் பருக்க இடம் விடுக. தீயருகே நிற்கும் குழந்தைக்குப் பருத்தி ஆடையே உடுத்துக. குச்சி மூன்றடிக்குக் குறையாதிருத்தல் நன்று. ஐந்தகவைக்கு உட்பட்ட பிள்ளையாயின், அதன் கைக்குப் பின்னே பெரியவர் கையும் குச்சியில் இருக்கட்டும்.