டிம் சம்முக்கு நாற்காலி, தட்டுவடைக்கு நடைபாதையா?

ஏற்காடு ஏரிப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டல் ஏதாவது ஒன்றில் மெனு கார்டை வாங்கிப் பாருங்கள். ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன், பரோட்டா. நான் பார்த்தவரை பெரும்பாலும் இதுதான். ஊட்டிக்குப் போனாலும் இதே கார்டுதான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவருக்கு, தான் இருப்பது சேலம் மாவட்டம் என்பது சாப்பாட்டை வைத்துத் தெரியவே தெரியாது.

இத்தனைக்கும் அந்த மெனுவில் பாதி 'சைனீஸ்'. நூடுல்ஸைக் காப்பி அடித்த நாம், சீனர்கள் தங்கள் ஊர்ப் பலகாரத்தை எப்படி மதித்தார்கள் என்பதை மட்டும் காப்பி அடிக்கவில்லை!

டிம் சம் ஒன்றும் ராஜ விருந்து இல்லை. தென்சீனத்தில், குவாங்டாங் பக்கத்து டீக்கடைகளில் டீயோடு கடித்துக்கொள்ளக் கொடுத்த சின்னச் சின்னப் பலகாரம், அவ்வளவுதான். இன்றைக்கும் ஹாங்காங்கில் டிம் சம் சாப்பிடக் கூப்பிட்டால் 'யம் சா', அதாவது 'டீ குடிக்கலாம்' என்றுதான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பாட்டி முதல் பேரன் வரை வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். மூங்கில் கூடையில் மூன்று நான்கு உருப்படி ஆவி பறக்க வரும்; எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருவர் டீ ஊற்றினால், மற்றவர் மேசையில் விரலால் லேசாகத் தட்டுவார். அது நன்றி. டீ தீர்ந்துவிட்டதா? ஜாடியின் மூடியைப் பாதி திறந்து வைத்தால் போதும், கடைக்காரருக்குப் புரிந்துவிடும்.

இந்தப் பலகாரத்துக்குத்தான் உலகம் வரிசையில் நிற்கிறது. 'டிம் ஹோ வான்' 2009-ல் ஹாங்காங்கின் மாங்காக்கில் ஒரு சின்னக் கடையாகத் தொடங்கியது. 2010-க்கான மிஷலின் கையேட்டில் அதற்கு நட்சத்திரம் கிடைத்தது. 2013-ல் சிங்கப்பூரில், சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் ஆர்ச்சர்ட் சாலைப் பக்கமே கிளை திறந்துவிட்டார்கள்.

அது எங்கோ இருக்கிற சாப்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். ஹார் காவ் என்கிற இறால் கொழுக்கட்டையின் தோல் கண்ணாடி மாதிரி இருக்கும். கோதுமை ஸ்டார்ச்சோடு மரவள்ளி ஸ்டார்ச்சும் சேர்ப்பார்கள். அந்த மரவள்ளிதான் நம் சேலம், நாமக்கல் காடுகளில் விளைகிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஆனால் அது மூட்டை மூட்டையாக வடக்கே போய், மகாராஷ்டிராவில் விரத நாள் கிச்சடியாகிறது. நமக்கு அது வடாம், பாயாசத்தோடு சரி.

சரி, நம் டிம் சம் எது? சந்தேகமே வேண்டாம், தட்டுவடை செட்தான். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி. ஒரே வாயில் மொறுமொறுப்பு, புளிப்பு, காரம். கூடவே நொறுக்கல், அதில் முட்டை போட்டால் முட்டை நொறுக்கல் (நாமக்கல்லுக்கும் பங்கு உண்டு!). சின்ன உருப்படி, பல வகை, பங்கு போட வசதி. டிம் சம்மிடம் இருப்பது எல்லாம் இதனிடமும் இருக்கிறது, நாற்காலியும் டீயும் தவிர.

நாற்காலி என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். மூட்டு வலிக்கிற பாட்டியால் வண்டிக்குப் பக்கத்தில் நின்று சாப்பிட முடியாது. கைக்குழந்தையோடு வருகிற அம்மாவுக்கும் கஷ்டம். மழை வந்தால் அன்றைக்குக் கடையும் இல்லை, கடைக்காரருக்கு வருமானமும் இல்லை. வெளியூர்க்காரரோ நடைபாதைச் சாப்பாடு என்று தயங்கித் தாண்டிப் போய்விடுகிறார்.

"ஏசி போட்டு விலையை ஐந்து மடங்கு ஏற்றிவிடுவான், ருசியும் போய்விடும்" என்பார்கள் நண்பர்கள். நியாயமான பயம்தான். ஆனால் நான் ஏசி கேட்கவில்லை. டிம் ஹோ வான் பேர் வாங்கியதே நட்சத்திர ஓட்டல் தரத்தை மலிவு விலைக்குக் கொடுத்ததால்தான். ஒரு கூரை, நாலு பெஞ்சு, கை கழுவத் தண்ணீர், சூடாக ஒரு டீ. இவ்வளவு போதும். வண்டியில் செட் போடுகிற அதே கைகள் அங்கே போடட்டும். பெரிய ஓட்டல் முதலாளி வந்து அவர்கள் பிழைப்பைப் பிடுங்கக் கூடாது.

அரசு மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா நடத்துகிறது, மலர்க் கண்காட்சி வைக்கிறது. பூவைப் பார்க்க வருகிறவருக்குப் பசிக்கும் இல்லையா? அங்கே சேலத்துக் கடைக்காரர்கள் பத்துப் பேருக்கு பெஞ்சோடு இடம் கொடுத்துப் பார்க்கட்டும். நூடுல்ஸ் எல்லா ஊரிலும் கிடைக்கும். தட்டுவடை செட் சாப்பிட வேண்டுமானால் சேலத்துக்குத்தான் வர வேண்டும் என்று நாலு பேர் சொல்ல வேண்டாமா?