பரண் மேல் ஒரு பேக்கப்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணி ஆனால் போதும், என் வீட்டுக் கம்ப்யூட்டரின் வலது மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கும். 'பேக்கப் முடியவில்லை.' கீழே ஒரு நம்பர், முன்னால் ஜீரோ எக்ஸ் போட்டு 80070070. சீட்டுப் பணம் கேட்க வந்தவரைத் தெருமுனையில் பார்த்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, பெருக்கல் குறியை அமுக்கிவிடுவேன். நாலு மாசம் இப்படியே ஓட்டினேன் சார்.

அந்த நம்பர் பார்க்கத்தான் பயமுறுத்தும். விண்டோஸில் 8007 என்று ஆரம்பித்தால், பின்னால் வரும் நாலு இலக்கம்தான் விஷயம். 0070 என்றால் டிஸ்க் நிரம்பிவிட்டது. 0020 என்றால் அந்த ஃபைலை வேறு ஏதோ புரோகிராம் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதை மூடிவிட்டு மறுபடி முயன்றால் நடக்கும். 0005 என்றால் 'உனக்கு அனுமதி இல்லை, போ'. இதெல்லாம் இப்போது தெரியும். அப்போதே தெரிந்திருந்தால் இந்த வாரம் எழுத எனக்கு விஷயமே இருந்திருக்காது.

அந்தக் கம்ப்யூட்டரில் என் ஆபீஸ் சமாசாரம் கொஞ்சம், குழந்தை போட்டோ கொஞ்சம். மீதியெல்லாம் என் மைத்துனனுடையது. ஆரணியில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவன் அவன். பார்டர், புட்டா, முந்தானை எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக கம்ப்யூட்டரில் வரைவான். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போட்டு, தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவார்கள்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றது. 11-க்குப் போய்விடலாம் என்று ஒரு சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்தேன்.

"மாமா, என் டிசைன் எல்லாம் பத்திரம்தானே?" என்றான்.

"டி டிரைவ்ல வாராவாரம் பேக்கப் போகுதுடா. யாருகிட்ட கேக்கறே?"

37 சதவிகிதத்தில் கரண்ட் போனது. யூ.பி.எஸ். ஒரு தடவை கீச்சென்று கத்திவிட்டுக் கடமையை முடித்துக்கொண்டது. இந்த மாதிரிப் பாதியில் நின்றால் பழைய விண்டோஸுக்கே திரும்பிப் போக ஏற்பாடு உண்டு. ஆனால் அதற்கு டிஸ்க் உயிரோடு இருக்க வேண்டுமே? கரண்ட் வந்ததும் உள்ளேயிருந்து 'டிக்... டிக்...' என்று பல்லி சத்தம். ஏழு வருஷத்து டிஸ்க், சார். விண்டோஸ் மேல் பழி போட எனக்கு வழியே இல்லை. (பழி போட வழி இருந்தவர்களும் உண்டு. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சில பேருடைய ஃபைல்களையே துடைத்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் சில நாளிலேயே அதை நிறுத்தி வைத்தது.)

மறுநாள் சர்வீஸ் கடைத் தம்பியிடம் கொண்டுபோனேன்.

"அண்ணே, டிஸ்க் போயிடுச்சு."

"பரவாயில்லப்பா, டி-யில பேக்கப் இருக்கு."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கருணை இருந்தது. "சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்குண்ணே. ஒரே பானைக்கு நடுவுல கோடு போட்டு வெச்சிருக்கீங்க. பானை உடைஞ்சா..."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். கிட்லாப் என்று ஒரு பெரிய கம்பெனி. உலகம் முழுக்க புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையை வைத்திருக்கும் இடம். 2017 ஜனவரி 31-ஆம் தேதி ராத்திரி அங்கே ஒரு இன்ஜினீயர், வேறொரு சர்வர் என்று நினைத்து மெயின் சர்வரிலேயே டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப் எங்கே என்று போனால், பெட்டி காலி! டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் புது வெர்ஷனுக்குப் போயிருந்தது. பேக்கப் எடுக்கும் புரோகிராமோ பழைய வெர்ஷனில் ஓடித் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் ஈமெயில்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டு, யார் கைக்கும் போகவில்லை. ஆறு மணி நேரம் முன்னால் வேறு காரியத்துக்காகத் தற்செயலாக எடுத்த ஒரு காப்பிதான் மானத்தைக் காப்பாற்றியது. அவர்களுக்காவது மெயில் வரவில்லை. எனக்கு வாராவாரம் வந்தது, நான்தான் பெருக்கல் குறி போட்டேன்.

மைத்துனனிடம் சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கொஞ்ச நேரம் தரையையே பார்த்துவிட்டு, "தீபாவளி ஆர்டர் இந்த மாசம் அனுப்பணும் மாமா" என்றான்.

அத்தைதான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார். "ஏம் மாப்ள, பரண் மேல பழைய அட்டை கட்டுக்கட்டா கெடக்குதே, அதுல பாக்கக் கூடாதா?"

பார்க்கலாமே! ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. ஓட்டை இருந்தால் அந்தக் கொக்கி தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. ஒன்று, பூஜ்யம், அவ்வளவுதான். 1800-களின் தொடக்கத்தில் பிரான்சில் ஜக்கார்டு இந்த அட்டையைத் தறியில் மாட்டினார். அதைப் பார்த்துத்தான் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு அட்டை போடலாம் என்று திட்டமிட்டார். அப்புறம் ரொம்ப காலம் கம்ப்யூட்டரே அட்டை தின்றுதான் பிழைத்தது. ஆக, கம்ப்யூட்டருக்கு அப்பன் எங்கள் பரண் மேல் தூசி படிந்து கிடந்தான்.

பதினோரு ராத்திரி. அவன் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து "ஓட்டை, ஓட்டை, இல்ல, இல்ல, ஓட்டை" என்று சொல்ல, நான் புது டிஸ்க் போட்ட கம்ப்யூட்டரில் கட்டத்தை நிரப்புவேன். ஆபீஸில் மேனேஜர் ஏதோ கேட்டதற்கு "இல்ல, இல்ல, ஓட்டை" என்று சொல்லித் தொலைத்தேன். நூல் கட்டி வரிசையாகக் கோர்த்த அட்டை ஆனதால் எது முன்னே, எது பின்னே என்ற குழப்பமில்லை. கலர் மட்டும் அட்டையில் இல்லை. அதை அத்தை ஞாபகத்திலிருந்து சொன்னார். பதினாலு டிசைன் திரும்பி வந்தது. ஆர்டரும் போனது.

இரண்டு வரவில்லை. அட்டை குத்தாதவை. அதில் ஒன்று மாங்காய் புட்டா. போன வருஷம் மாமனார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "வால் இன்னும் கொஞ்சம் வளையணும்டா" என்று சொல்லிச் சொல்லி வரைய வைத்தது. ஆடியில் அவர் போய்விட்டார். அந்த வளைவை மைத்துனன் மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "வரல மாமா" என்று எழுந்து போய்விட்டான்.

இப்போது தனியாக ஒரு டிஸ்க் வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாட்டி, காப்பி எடுத்து, கழற்றி பீரோவில் வைத்துவிடுவேன். இன்னொரு காப்பி கொசப்பாளையத்தில் சித்தப்பா வீட்டில். மாதம் ஒரு தடவை அதிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலை வெளியே எடுத்துத் திறந்து பார்க்கிறேன். அப்டேட் வந்தால் முதலில் பேக்கப், பிறகு யூ.பி.எஸ். பேட்டரி சோதனை, அப்புறம்தான் 'சரி' பொத்தான்.

"எல்லாம் பக்காடா. இனிமே கவலைப்படாம வரை" என்று மைத்துனனிடம் சொன்னேன்.

"சரிங்க மாமா" என்றான் ரொம்ப மரியாதையாக. வரைந்ததை சேவ் பண்ணிவிட்டு, நேரே அட்டை குத்தப் போனான்.