பாறை ஏற பார்ட்னர் வேணுமா? திறமையைப் பார்க்காதீங்க, இதைப் பாருங்க!

பெங்களூரில் வார இறுதி வந்தால் சிலர் மாலுக்குப் போவார்கள், சிலர் ராமநகராவுக்குப் போவார்கள். நகரத்திலிருந்து சுமார் 50 கி.மீ. தூரத்தில் இருக்கிறது, 'ஷோலே' படம் எடுத்த அதே கிரானைட் குன்றுகள். ஜிம்மில் மூன்று மாதம் செயற்கைச் சுவரில் ஏறிப் பழகிய ஐ.டி. ஊழியர் ஒருவருக்கு, அடுத்து அங்கே போய் நிஜப் பாறையைத் தொட ஆசை வருவது இயல்பு. ஷூ வாங்கியாச்சு, ஹார்னஸும் வாங்கியாச்சு. கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கும் ஆள் மட்டும் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டால் "வாங்க ப்ரோ, நான் பாத்துக்கறேன்" என்று பத்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஜிம்முக்கும் பாறைக்கும் என்ன வித்தியாசம்?

ஜிம்மில் கயிறு ஏற்கெனவே மேலே மாட்டியிருக்கும். கீழே மெத்தை இருக்கும், தப்பு செய்தால் கத்துவதற்குப் பயிற்சியாளர் இருப்பார். பாறையில் இது எதுவும் கிடையாது. மேலே கயிறு மாட்டும் ஆங்கரை யாராவது அமைக்க வேண்டும், போல்ட் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல் உதிரலாம், தேனீக் கூடு இருக்கலாம். ஏறுவதற்கான தெம்பு ஜிம்மில் வந்துவிடும். இந்த வேலைகள் எதையும் ஜிம் கற்றுத் தருவதில்லை. ஆனால், ஜிம்மில் வந்த தன்னம்பிக்கை மட்டும் கூடவே பாறைக்கு வந்துவிடுகிறது.

அனுபவசாலி கூடப் போனால் போதாதா?

ஆனைக்கும் அடி சறுக்கும். அமெரிக்காவின் லின் ஹில், உலகின் தலைசிறந்த கிளைம்பர்களில் ஒருவர். 1989-ல் பிரான்ஸின் பியூ பாறையில் கயிற்றை ஹார்னஸில் கோத்தவர், முடிச்சைப் போட்டு முடிக்காமலே ஏறிவிட்டார். உச்சியில் கயிற்றை நம்பிப் பின்னால் சாய்ந்தபோது 20 மீட்டருக்கும் மேல் விழுந்தார். ஒரு மரம் குறுக்கே இருந்ததால் உயிர் பிழைத்தார்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அமெரிக்க கிளைம்பர் பிராட் கோப்ரைட், 2019 நவம்பரில் மெக்சிகோவில் கயிற்றில் இறங்கும்போது விழுந்து இறந்தார். கயிற்றின் ஒரு பக்கம் நீளம் போதவில்லை, முனையில் முடிச்சும் இல்லை. வயது 31.

இரண்டு விபத்துக்கும் திறமைக் குறைவு காரணமில்லை. "ஒரு தடவை செக் பண்ணிடலாமா?" என்று ஒருவர் கேட்டிருந்தால் இரண்டையும் தவிர்த்திருக்கலாம்.

அப்போ யாரை நம்புவது?

எவ்வளவு கடினமான ரூட் ஏறுவார் என்பதை வைத்துப் பார்ட்னரைத் தேர்ந்தெடுப்பது தவறு. தரையை விட்டுக் கிளம்பும் முன் என்ன செய்கிறார் என்று கவனிப்பதே சரி. உங்கள் முடிச்சையும் ஹார்னஸ் பக்கிளையும் தொட்டுப் பார்க்கிறாரா? அவருடையதைப் பார்க்கச் சொல்கிறாரா? பிலே செய்யும்போது, அதாவது கீழே நின்று கயிற்றைக் கட்டுப்படுத்தும்போது, பிரேக் கை கயிற்றை விடாமல் இருக்கிறதா? ஹெல்மெட் போடுகிறாரா? புதியவர் கேள்வி கேட்டால் "இதெல்லாம் எனக்குத் தெரியாதா?" என்று முறைக்கிறாரா?

கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வேண்டாம்.

இதையெல்லாம் ஜிம்மிலேயே இரண்டு மூன்று வாரம் சேர்ந்து ஏறிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். முதல் முறை பாறைக்குப் போகும்போது முன்பின் தெரியாத ஒருவரோடு தனியாகப் போகாமல், நான்கைந்து பேராகப் போவது நல்லது. குறிப்பாகப் பெண்களுக்கு. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவிட வேண்டும்.

முறையாக எங்கே கற்பது?

டார்ஜிலிங்கில் 1954-லும், உத்தரகாசியில் 1965-லும் தொடங்கப்பட்ட மலையேற்றப் பயிற்சி நிறுவனங்களின் அடிப்படைப் படிப்பில் பாறை ஏற்றமும் உண்டு. ஆனால், அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் லீவு வேண்டும். எந்த மேனேஜர் தருவார்? அது முடியாதவர்கள், முதல் சில பயணங்களையாவது கட்டணம் கொடுத்துத் தகுதியான பயிற்றுநரோடு போகலாம். எட்டு வடிவ முடிச்சு, பிலே, ஆங்கரைச் சோதிப்பது, கயிற்றில் இறங்குவது... இவற்றை யூடியூபில் பார்க்கலாம். ஆனால், கை தப்பாகப் போனால் யூடியூப் திருத்தாது. ஷூவுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்பவர்கள் பயிற்சிக்குக் கணக்குப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

இவ்வளவு பயந்தா எப்படி ஏறுறது?

நியாயமான கேள்விதான். ஒருவரையொருவர் செக் பண்ண ஆகும் நேரம் அரை நிமிடம். அதற்குப் பிறகுதான் பயமில்லாமல் ஏற முடியும்.

இன்னொன்று. புதியவர் ஒருவர் பார்ட்னர் தேடும் அதே நேரத்தில், அவரும் யாரோ ஒருவருக்குப் பார்ட்னர் ஆகிறார். அந்த ஆளின் உயிர் இவர் கையில் இருக்கும். எனவே நல்ல பார்ட்னர் கிடைக்கச் சிறந்த வழி, முதலில் நல்ல பிலேயராக மாறுவதுதான். போனை பையில் வைத்துவிட்டு, மேலே ஏறுபவர் மீது கண் வைத்து நிற்கும் ஆளை எல்லோரும் அடுத்த வாரமும் கூப்பிடுவார்கள்.