டோர்ச்சுக்குப் போதும், கெமராவுக்குப் போதாது



சென்ற மாதம் எங்கள் மத்ரஸாவில் ஓதும் மாணவி ஒருத்தி பழைய டிஜிட்டல் கெமரா ஒன்றைக் கொண்டு வந்தாள். அவளுடைய வாப்பா கட்டாரில் வேலை செய்த காலத்தில் வாங்கி வந்தது. பல வருடம் அல்மாரிக்குள் கிடந்திருக்கிறது. "மௌலவி, புதுப் பெட்டரி போட்டும் இரண்டு போட்டோவோடு நின்று விடுகிறது. கெமரா பழுதா?" என்று கேட்டாள். கைத்தொலைபேசி வந்ததும் நாம் ஒதுக்கி வைத்த கெமராக்களை இன்று பிள்ளைகள் தேடி எடுக்கிறார்கள்.

அவள் கேட்டதும் எனக்கு 2008ஆம் ஆண்டு ராத்தாவின் மகளுடைய வலீமா நினைவுக்கு வந்தது. அன்று கெமரா என் கையில். பக்கத்துக் கடையில் மலிவான பென்டோர்ச் பெட்டரி இரண்டு வாங்கிப் போட்டிருந்தேன். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வாப்பா வந்து உட்கார்ந்தார். லென்ஸ் வெளியே நீண்டது, அப்படியே உள்ளே போய்விட்டது, திரையும் இருண்டது. நான் கடைக்கு ஓடித் திரும்புவதற்குள் வாப்பா தொழப் போய்விட்டார். மறு வருடம் அவர் மௌத்தானார். பேத்தியின் கலியாணத்தில் அவர் இருந்ததற்கு எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. அதே பெட்டரிகளை அன்றிரவு டோர்ச்சில் போட்டுப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது!

கடைக்காரர் ஏமாற்றினாரா? இல்லை. கேட்டதைத்தான் கொடுத்தார். பிழை என்னுடையது. பானை நிறையத் தண்ணீர் இருந்தாலும் வாய் குறுகலாக இருந்தால் ஒரே வீச்சில் ஊற்ற முடியுமா? மலிவான சாதாரண பெட்டரியின் நிலை அதுதான். கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் அது சொட்டுச் சொட்டாய்க் கொடுத்தால் போதும். கெமராவோ லென்ஸை நகர்த்தும்போதும் பிளாஷுக்குச் சக்தி ஏற்றும்போதும் ஒரேயடியாக அதிக மின்சாரத்தை இழுக்கிறது. அந்த நொடியில் பெட்டரியின் வோல்ட் இறங்கிவிடுகிறது. கெமராவும் பெட்டரி முடிந்தது என்று எண்ணித் தன்னை நிறுத்திக் கொள்கிறது.

அப்படியானால் எதை வாங்குவது? அல்கலைன் பெட்டரி சாதாரணத்தைவிட எவ்வளவோ மேல். ஆயினும் கெமராவில் அதுவும் விரைவாகக் களைத்துப் போகும். அவசரத்துக்கு மட்டும் வைத்துக் கொள்ளுங்கள். வீட்டுக்கு ஏற்றது சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பெட்டரிதான். அதன் மேல் 1.2 வோல்ட் என்றிருப்பதைப் பார்த்து, 1.5ஐ விடக் குறைவு என்று பின்வாங்காதீர்கள். கடைசிவரை ஏறக்குறைய அதே வோல்ட்டைப் பிடித்துக் கொடுப்பதே அதன் சிறப்பு. பழைய வகைகள் சும்மா வைத்திருந்தாலே சில வாரங்களில் சக்தியை இழந்துவிடும். 2005இல் ஜப்பானின் சன்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில் வெளியிட்டது ஒரு வருடம் கழித்தும் பெரும்பகுதியைத் தக்க வைத்துக் கொண்டது. இன்று அந்த வகையைப் பலரும் செய்கிறார்கள். பெருநாளுக்குப் பெருநாள் கெமராவை எடுக்கும் வீடுகளுக்கு அதுவே பொருத்தம்.

மில்லி அம்பியர் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். இந்த அளவுப் பெட்டரியில் 2000 என்பது நம்பத்தக்க எண். 4000 என்று போட்டிருந்தால் அது அட்டையில் மட்டும்தான் இருக்கும்! இதே உருவத்தில் 3.7 வோல்ட் லித்தியம் பெட்டரியும் கிடைக்கிறது. அதைப் போட்டால் கெமரா கருகிப் போகலாம். ஆகவே வாங்குமுன் வோல்ட்டை வாசியுங்கள். அல்கலைன் பெட்டரியை சார்ஜரில் போடவே கூடாது. பழையதையும் புதியதையும் சோடி சேர்க்கவும் கூடாது.

தட்டையான பெட்டரி போடும் கெமராவென்றால் அதன்மேலுள்ள இலக்கத்தை அப்படியே எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். பெட்டரி உப்பியிருந்தால் மீண்டும் போடாதீர்கள். குத்திப் பார்க்கவும் வேண்டாம். உம்ராவுக்குப் போகிறவர்கள் மேலதிக லித்தியம் பெட்டரியைக் கைப்பையில்தான் கொண்டு போக வேண்டும். விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டிக்குள் வைக்க அனுமதியில்லை. சாவியோடும் சில்லறையோடும் உரசாதபடி தனி உறையில் போட்டுக் கொள்ளுங்கள்.

மாணவியின் கெமராவில் இன்னொரு கோளாறும் இருந்தது. பல வருடங்களுக்கு முன் போட்ட அல்கலைன் பெட்டரி உள்ளேயே கசிந்து, உலோகத் தகடுகளில் வெள்ளையாகப் படிந்திருந்தது. அது தோலைப் புண்ணாக்கும் காரம். கையுறை போட்டு, பஞ்சுக் குச்சியில் இரண்டு துளி தேசிக்காய்ச் சாறு தொட்டுத் துடைத்தோம். பின்பு ஈரமில்லாமல் நன்றாகக் காய வைத்தோம். சார்ஜ் செய்த பெட்டரி இரண்டைப் போட்டதும் திரை ஒளிர்ந்தது. கார்ட்டில் அவளுடைய உம்மும்மா, குசினித் திண்ணையில் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தார். அவர் மௌத்தாகிப் பதினொரு வருடம். புதுப் படம் எடுக்குமுன் அந்தக் கார்ட்டிலுள்ளதை முதலில் கொம்பியூட்டரில் இறக்கி வைக்கச் சொல்லி அனுப்பினேன்.