எம்5 டூரிங்கா, ஆர்எஸ்6 அவாண்டா? மலையில் இறங்கிப் பார்த்தால் தெரியும்

பிஎம்டபிள்யூ எம்5 டூரிங், ஆடி ஆர்எஸ்6 அவாண்ட் பெர்ஃபார்மன்ஸ். இரண்டும் நீளமான டிக்கி வைத்த ஸ்டேஷன் வேகன்கள். இரண்டிலும் வி8 இன்ஜின். எது பெஸ்ட்?

எம்5-க்கு 727 குதிரைத்திறன், ஆர்எஸ்6-க்கு 630. ஆனால் 100 கி.மீ. வேகத்தைத் தொட எம்5-க்கு 3.6 விநாடி ஆகிறது; ஆர்எஸ்6-க்கு 3.4 போதும். முக்கியக் காரணம் எடை. ஹைபிரிட் பேட்டரியைச் சுமக்கும் எம்5 2,475 கிலோ. ஆர்எஸ்6 சுமார் 2,100.

சரி, அருவங்காட்டிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிறவருக்கு இந்த விநாடிக் கணக்கு எதுக்கு? முன்னால் லாரி போனால் 727-ம் ஒண்ணுதான், 67-ம் ஒண்ணுதான். அங்கே கேள்வியே பிரேக் பற்றியது.

குன்னூர் ரயில் நிலையம் 1,711 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் 326. அவ்வளவு உயரம் இறங்கும்போது எம்5 சுமார் 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றலைக் கரைத்தாக வேண்டும். ஆர்எஸ்6 சுமார் 8. காற்றும் டயர் உரசலும் இன்ஜின் பிரேக்கிங்கும் எடுத்துக்கொண்டது போக, மிச்சமெல்லாம் பிரேக் டிஸ்க்கில் சூடாக ஏறும். சின்ன கியரில் இறங்கச் சொல்வது இதனால்தான். உங்கள் ஆல்ட்டோவுக்கும் இதே விதிதான்.

எம்5-ல் கூடுதல் வசதி: மின் மோட்டார் அந்த ஆற்றலில் ஒரு பகுதியைப் பேட்டரிக்கே திருப்பும். ஆனால் பேட்டரியில் இடம் இருக்கணும். ராத்திரி குன்னூரில் ஃபுல் சார்ஜ் போட்டுட்டு காலையில் இறங்கினால், கூடுதல் எடை மட்டும்தான் மிச்சம்.

பாதி சார்ஜோடு இறங்குவதானால் நம்ம ஓட்டு எம்5-க்கு. இல்லையென்றால் ஆர்எஸ்6.